துரோவாவில் காத்திருக்கும் நாட்கள்

ஜூன் 8, 2025, ஞாயிறு

இன்று பெந்தெகொஸ்தே பண்டிகை. இன்றைய ஆராதனையில்தான் எங்கள் சபைத் தம்பி ஒருவரையும் அவர் மனைவியையும் ஜெபித்து வடக்கே பணித்தளத்துக்கு அனுப்புவதாக இருந்தது. போன அறுப்பின் பண்டிகையிலிருந்து இதற்கென்றே காணிக்கை எடுத்தோம், இருவரும் இந்தி படித்தார்கள், மலையடிவாரக் கிராமம் ஒன்றில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்த வீடும் பேசியாயிற்று. கடைசி நேரத்தில் வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். சரி, வேறு வீடு பார்ப்போம் என்று பேசிக்கொண்டிருந்தபோதே தம்பியின் அம்மாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் அசையவில்லை, பேச்சு குழறுகிறது, தம்பியோ ஒரே மகன். அறிவிப்பு நேரத்தில் சபைப் போதகர் ஐயர், பயணம் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது என்று மட்டும் சொன்னார். பண்டிகைப் பாட்டு எனக்குத் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ஜூன் 12, வியாழன்

பெண்கள் ஐக்கியத்தில் வேதாகமத்திலிருந்து லூக்கா எழுதின அப்போஸ்தலர் நடபடிகள் 16 படித்தோம். அப்போஸ்தலன் பவுல் ஆசியாவில் (அன்றைய ரோம மாகாணம், இன்றைய துருக்கியின் மேற்குப் பக்கம்) வசனம் சொல்லப் போனால் தடை, பித்தினியாவுக்குப் போகலாம் என்றால் "ஆவியானவரோ அவர்களைப் போகவொட்டாதிருந்தார்". கடைசியில் துரோவாவில் வந்து நிற்கிறார்கள், எதிரே கடல். கடலுக்கு அந்தப் பக்கம் மக்கெதோனியாவுக்கு வந்து உதவும்படி ஒருவர் கூப்பிடுகிற தரிசனம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. ஆவியானவர் எப்படித் தடுத்தார் என்று லூக்கா எழுதவே இல்லை, நோயா, வழியில் ஏதும் ஆபத்தா, உள்ளத்தில் ஒரு நெருடலா, எதுவும் தெரியாது. இன்னொன்றையும் நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை: 19-ஆம் அதிகாரத்தில் அதே பவுல் அதே ஆசியாவில், எபேசுவில், இரண்டு வருஷத்துக்கு மேல் ஊழியம் செய்கிறார். அன்றைக்கு "வேண்டாம்" என்றவர் பிற்பாடு அங்கேயே அனுப்பியிருக்கிறார்.

ஒரு அக்கா கேட்டார்கள், "அப்போ அந்த அம்மாவுக்கு நோயைக் குடுத்தது ஆண்டவர்தானா?" இல்லை, அப்படிச் சொல்ல என் மனசு இடம் தராது. அந்த நோயின் நடுவிலும் அவர் எங்களை நடத்துவார் என்று முழு நிச்சயமாய் நம்புகிறேன். ஆனால் படுக்கையில் கிடக்கிற ஒரு தாயிடம் போய், உங்கள் வேதனை எங்கள் திட்டத்தைத் திருத்த வந்தது என்று எந்த வாயால் சொல்வது?

ஜூன் 22, ஞாயிறு

மத்தியானம் முழுக்க அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சன் நினைப்புதான். 1813-இல் இதே ஜூன் 22-இல்தான் அவரும் மனைவி ஆனும் சென்னையில் கப்பல் ஏறினார்கள். அமெரிக்காவிலிருந்து இந்தியாவில் ஊழியம் செய்ய வந்தவர்கள், 1812 ஜூனில் கல்கத்தாவில் இறங்கினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷனெரிகள் என்றாலே ஆகாது, அதிலும் அதே மாதம்தான் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டிருந்தது. வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது. மொரீஷியஸ் போனார்கள். அவர்களோடு அமெரிக்காவிலிருந்து வந்த தோழி ஹாரியட் நியூவெல் அதற்குள் அங்கே இறந்திருந்தார், அவருக்கு வயது 19. அங்கிருந்து பினாங்குக்குப் போகும் எண்ணத்தோடு சென்னை வந்தார்கள். இங்கேயும் கம்பெனி ஆட்சிதான், எந்த நிமிஷமும் பிடித்து அனுப்பிவிடலாம். அப்போது அவர்களுக்குக் கிடைத்த ஒரே கப்பல் பர்மாவின் ரங்கூனுக்குப் போவது. பர்மா வேண்டவே வேண்டாம் என்றுதான் கல்கத்தாவில் எல்லோரும் எச்சரித்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஏறினார்கள். நடுக்கடலில் ஆன் அம்மாவுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது.

எனக்கு நெஞ்சில் தைத்தது வேறு ஒன்று. மிஷனெரிகள் இந்தியாவுக்கு வர வழி திறந்துவிட்ட சாசனச் சட்டம் லண்டனில் அதே 1813 ஜூலையில் நிறைவேறியது. கொஞ்ச காலம் தாக்குப்பிடித்திருந்தால் முதலில் நினைத்தபடியே இந்தியாவில் இருந்திருப்பார்கள், ஆனால் அதற்குள் ரங்கூன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அங்கே முதல் விசுவாசி ஞானஸ்நானம் பெற்றது 1819-இல். நடுவே ஆறு வருஷம் என்ன எண்ணியிருப்பார்கள்! 1824-இல் பர்மாவுக்கும் பிரிட்டிஷாருக்கும் போர் வந்து ஜட்சன் விலங்கோடு சிறையில் கிடந்தார். 1834-இல் பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்து முடித்தார், இன்றைக்கும் அங்கே சபைகளில் அதை வாசிக்கிறார்கள்.

ஜூலை 2, புதன்

மிஷனெரி கமிட்டி கூடியது. இது பிசாசின் தடை, உபவாசம் இருந்து ஜெபித்து எப்படியும் அனுப்பவேண்டும் என்றார் ஒருவர். தேவனே கதவை அடைத்துவிட்டார், பணத்தைக் கட்டட நிதியில் போடுங்கள் என்றார் இன்னொருவர். இரண்டுமே எனக்கு அவசரமாகத்தான் படுகிறது. வழி லேசாக இருந்தால் தேவசித்தம், கஷ்டம் வந்தால் இல்லை என்று அளக்க முடியாது. எபேசுவில் பெரிய கதவு திறந்திருக்கிறது என்று எழுதுகிற பவுல் அதே வசனத்தில் எதிரிகளும் அநேகர் என்கிறார். மக்கெதோனியாவுக்கு நேராக அழைத்துக்கொண்டுபோன தரிசனம்தான் அவரைப் பிலிப்பியில் சிறைக்கும் கொண்டுபோனது. டோனாவூர் அம்மா கதை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஏமி கார்மைக்கேல் 1893-இல் போனது ஜப்பானுக்கு. உடம்பு கெட்டது, இலங்கை, தாய்நாடு, பெங்களூர் என்று சுற்றித்தான் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார்கள். வந்தும் ஊர் ஊராய்ப் போய்ப் பிரசங்கிப்பதுதான் எண்ணம். 1901-இல் கோயிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமியால் அந்தத் திட்டமும் மாறி, அப்படிப்பட்ட பிள்ளைகளை டோனாவூரில் வளர்ப்பதே ஊழியமாகிப்போனது.

திட்டமே போடவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பவுலும் வழி யோசித்துத்தான் புறப்பட்டார். போட்ட திட்டத்தைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு ஆண்டவரே கேட்டாலும் தரமாட்டேன் என்று நிற்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அது ஊழியத்தில் ரொம்பச் சுலபமாக நடக்கும், நோட்டீஸ் அடித்து, காணிக்கை கொடுத்தவர்களுக்குத் தேதியும் சொல்லிவிட்டால் அப்புறம் பின்வாங்கக் கூச்சமாகிவிடுகிறது.

ஜூலை 13, ஞாயிறு

அம்மா விரல்களை லேசாக அசைக்கிறார்கள், ஸ்தோத்திரம். அவர்கள் எழுந்து நடக்கும்வரை தான் எங்கேயும் போவதில்லை என்று தம்பி தீர்மானமாகச் சொல்லிவிட்டார். சரியான முடிவு. தாயைக் கவனிப்பதை ஊழியத்தில் சேர்க்காதவர்கள் என்னோடு பேசவேண்டாம்.

பணித்தளத்திலிருந்து நேற்று ஒரு செய்தி வந்தது. அந்த ஊரிலேயே பிளஸ் டூ முடித்த ஒரு பெண் தன் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளைக் கூட்டி ஏற்கெனவே பாடம் சொல்லிக்கொடுக்கிறாளாம். புத்தகமும் கொஞ்சம் மாதப் பணமும் கிடைத்தால் தொடர்ந்து நடத்துவேன் என்கிறாளாம். வாடகை வீடும் இங்கிருந்து ஆளும் இல்லாமல், அந்த ஊர்ப் பாஷையில், அந்த ஊர்ப் பெண்ணே நடத்துகிற வகுப்பு! எங்கள் திட்டத்தில் இந்தப் பெண் எங்கேயுமே இல்லை. இதுதான் வழி என்று இன்றைக்கே சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் வாசித்ததும் மனசுக்குள் ஒரு சமாதானம் வந்தது.

வெள்ளிக்கிழமை கமிட்டி மறுபடி கூடுகிறது. பணத்தை அங்கே அனுப்புவதில் இரண்டு பேருக்குச் சம்மதமில்லை. அவர்கள் கேள்விகளையும் பொறுமையாகக் கேட்கவேண்டும். ஜெபத்தில் தாங்குகிறவர்கள் அந்த அம்மாவின் சுகத்தை முதலில் வையுங்கள், கமிட்டி அதற்கு அப்புறம்.