வேகஸிலிருந்து மோனோ கவுன்டிக்கு: மலை ஏறும் முன் வண்டியைப் பாருங்கள்

லாஸ் வேகஸிலிருந்து கலிஃபோர்னியாவின் மோனோ கவுன்டியில் இருக்கும் மாமத் லேக்ஸ் 300 மைலுக்குக் கொஞ்சம் மேல். நிற்காமல் போனால் ஐந்தரை மணி நேரம். தூரம் பெரிதில்லை, உயரம்தான் பாடாய்ப் படுத்தும். வேகஸ் 2,000 அடி, மாமத் 7,900 அடி. பாலைவனத்திலேயே ஓடிய வண்டி மலையில் என்னென்ன செய்யும் என்று தெரிந்துகொண்டு கிளம்பினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் வழி. யுஎஸ் 95-இல் வடமேற்காக 115 மைல் போனால் பீட்டி என்ற சிற்றூர். அங்கே டேங்கை நிரப்பிவிடுங்கள், அரை டேங்க் இருந்தாலும் சரி. அடுத்த பெட்ரோல் பிக் பைனில்தான். இடையில் சுமார் 130 மைல். கலிஃபோர்னியாவில் விலையும் அதிகம். பீட்டிக்குள் காட்டுக் கழுதைகள் சாலையில் நிற்கும், வேக வரம்பும் 70-லிருந்து சட்டென்று 25-க்கு இறங்கும்; போலீஸ் அதற்காகவே காத்திருக்கும்.

பீட்டியிலிருந்து 50 மைல் தாண்டி லிடா ஜங்ஷனில் இடது பக்கம் 266-ஆம் எண் சாலை. கலிஃபோர்னியா எல்லை தாண்டி அது 168-ஐப் பிடிக்கும். டீப் ஸ்பிரிங்ஸ் பள்ளத்தாக்கைக் கடந்து வெஸ்ட்கார்ட் கணவாய் (7,313 அடி), அங்கிருந்து பிக் பைனுக்கு இறக்கம். பிக் பைனில் யுஎஸ் 395-ஐப் பிடித்து வடக்கே பிஷப் வழியாக மாமத். செல்போன் சிக்னல் பெரும்பாலும் கிடையாது, மேப்பை முன்னாடியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கணவாய்க்குக் கீழே பாறைகளுக்கு நடுவே சாலை ஒற்றை வண்டி அகலத்துக்குச் சுருங்கும் இடம் ஒன்று உண்டு. எதிரே வருகிறவரைப் பார்த்துத்தான் நுழைய வேண்டும். பெரிய ஆர்வி (வீட்டு வசதி வண்டி), டிரெய்லர் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். டோனோபா வரை போய் யுஎஸ் 6-இல் மான்ட்கோமரி கணவாய் வழியாக பிஷப் வருவது சுற்று, ஆனால் அகலமான சாலை. பெட்ரோலை டோனோபாவில் போட்டுக்கொள்ளுங்கள்.

டெத் வேலி வழியும் இருக்கிறது. குளிர்காலத்தில் அழகு. ஜூலையில் 120 டிகிரி ஃபாரன்ஹீட்டில் டவுன் கணவாய் ஏறுவது எஞ்சினைச் சோதிப்பது. வெப்பமுள் ஏறத் தொடங்கினால் ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரைத் திறந்துவிடுங்கள், ஓரம் கட்டுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது.

இறக்கத்தில் தவறு செய்பவர்கள்தான் அதிகம். வெஸ்ட்கார்டிலிருந்து பிக் பைனுக்கு 3,300 அடி இறக்கம். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் சூடேறி, கருகிய வாசனை வந்து, பெடல் அழுத்தம் கொடுக்காமல் போகும். ஆட்டோமேட்டிக்கிலும் கியரை L அல்லது கைமாற்றுக்குக் கொண்டுவந்து எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி விடுங்கள். பிரேக்கை விட்டு விட்டு, அழுத்தமாக.

குளிர்காலத்தில் யாரும் யோசிக்காதது கண்ணாடி கழுவும் தண்ணீர். வேகஸில் விற்கும் சாதா நீலத் திரவம் 32 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உறையும். பிஷப்பிலிருந்து மாமத் போகும் ஷெர்வின் ஏற்றத்தில் லாரி சேறு தெளிக்கும், நீங்கள் பொத்தானை அழுத்துவீர்கள், கண்ணாடி முழுக்கப் பனிக்கட்டி. முன்னால் ஒன்றும் தெரியாது. மைனஸ் 20 வரை தாங்கும் திரவத்தை வேகஸிலேயே மாற்றுங்கள், மாற்றிய பின் குழாயிலும் அது வரும்வரை அடித்துவிடுங்கள். கூலன்டில் வெயில் காலத்தில் வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால் அதுவும் ஆபத்து. சரிபாதிக் கலவை மைனஸ் 34 வரை தாங்கும். பேட்டரியைக் கொல்வது வேகஸ் வெயில், செத்துப்போனது தெரிவது மாமத் காலைக் குளிரில். மூன்று வருடம் ஆகியிருந்தால் சோதித்துவிடுங்கள்.

டயர் காற்று கொஞ்சம் குழப்பும். வெப்பம் 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தால் ஒரு பிஎஸ்ஐ இறங்கும். வேகஸ் மதியம் 60, மாமத் விடியற்காலை 10 என்றால் ஐந்து போய்விடும். ஆனால் உயரத்தில் வெளிக்காற்று அழுத்தம் குறைவதால் அளவுமானி மூன்று கூட்டிக் காட்டும். ஆக, இரண்டுதான் குறைந்ததாகத் தெரியும். மேலே போய், காலையில் வண்டியை எடுக்கும் முன், கதவில் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரி செய்யுங்கள்.

பனியில் டயருக்கு மாட்டும் செயினுக்கு கலிஃபோர்னியாவில் விதிகள் மூன்று நிலை. ஆர்1: ஸ்னோ டயர் இருக்கும் சாதாரண கார் செயின் மாட்டாமல் போகலாம். ஆர்2: நாலு சக்கரமும் இழுக்கிற, நாலிலும் ஸ்னோ டயர் உள்ள வண்டிக்கு மட்டும் விலக்கு. ஆர்3: எல்லோரும் மாட்ட வேண்டும். விலக்கு இருந்தாலும் செயின் வண்டியில் இருந்தாக வேண்டும். அது இழுக்கும் சக்கரத்துக்கு, அதாவது பெரும்பாலான கார்களுக்கு முன்சக்கரத்துக்கு. வீட்டு வாசலில் ஒரு தடவை மாட்டிப் பாருங்கள், பனியில் விரல் மரத்தபிறகு கற்க முடியாது. வாடகை வண்டி என்றால் செயினுக்கு ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று படியுங்கள். பல ஒப்பந்தங்கள் தடுக்கின்றன.

மாமத்துக்கு வடக்கே பிரிட்ஜ்போர்ட் போகிறவர்கள் கால்ட்ரான்ஸ் (கலிஃபோர்னியா போக்குவரத்துத் துறை) இணையத்தில் சாலை நிலவரம் காட்டும் குவிக்மேப்பைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. வழியில் வரும் டெட்மேன், கான்வே உச்சிகள் இரண்டும் 8,000 அடிக்கு மேல். பனிப்புயலில் 395 மூடினால் சுற்றிப்போக வழி அநேகமாக இல்லை. யோசெமிட்டிக்குப் போகும், 9,943 அடியில் இருக்கும் டியோகா கணவாயோ நவம்பர் வாக்கில் மூடினால் மே கடைசி அல்லது ஜூனில்தான் திறக்கும்.

உடம்புக்கும் நேரம் கொடுங்கள். முதல் இரவு 4,150 அடியில் இருக்கும் பிஷப்பில் தங்கினால் தலைவலி, தூக்கமின்மை வெகுவாகக் குறையும். சமைக்கிறவர்கள் குக்கரை மறக்காதீர்கள்: 8,000 அடியில் தண்ணீர் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. சிப்ஸ் பாக்கெட்டுகள் பலூன் மாதிரி ஊதும், பயப்பட வேண்டாம்.

திரும்பும் வழியில் பிஷப்பில் பெட்ரோல் போடுங்கள். இருட்டும் நேரத்தில் மான்கள் 395-இல் குறுக்கே வரும். அதனால் மாமத்திலிருந்து மதியத்துக்குள் கிளம்பி, வெஸ்ட்கார்டை வெளிச்சத்தில் தாண்டிவிடுங்கள்.