பாம்பு ஏன் சீறுது?

வியாசர்பாடியில தெரிஞ்ச தம்பி ஒருத்தன் பால் பைத்தான் (ball python)ங்கிற சின்ன மலைப்பாம்பு வளர்க்குறான். வெளிநாட்டு இனம், முறையா பதிவு செஞ்சது. (நம்ம ஊர்ப் பாம்பை வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.) "திடீர்னு சீறுதுண்ணா, குணமே மாறிடுச்சு"ன்னு கலங்கிப்போய் நின்னான்.

கண்ணைப் பார்த்தேன். நீலம் பூத்து மங்கலா இருந்துச்சு. சட்டை உரிக்கப் போகுது! அப்போ பார்வை சரியா இருக்காது, மேலே நிழல் விழுந்தாலே மிரளும். கழுத்தை வளைச்சுப் பின்னுக்கு இழுக்குறது, சீறுறது, பந்தா சுருண்டு தலையை ஒளிக்கிறது எல்லாமே "கிட்ட வராதே"ங்கிற கெஞ்சல். உரிச்சு முடிக்கிற வரைக்கும் கையில எடுக்காதே, தண்ணிக் கிண்ணத்தை மட்டும் நிரப்பி வைன்னு சொன்னேன்.

மழைக்காலத்துல கொடுங்கையூர், மணலிப் பக்கம் வீட்டுக்குள்ள வர்ற சாரையும் இதே பயத்துலதான் சீறுது. தயவுசெஞ்சு கட்டையைத் தூக்காதீங்க. எந்தப் பாம்பா இருந்தாலும் தள்ளி நின்னு, வனத்துறையையோ தீயணைப்புத் துறையையோ கூப்பிடுங்க.