ஏஜென்ட்டிடம் வீட்டைப் பற்றிக் கேட்கும் முன் கமிஷனைப் பற்றிக் கேட்டோம்

வீடு வாங்க ஏஜென்ட் வைத்துக்கொள்ளலாமா, இல்லை அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் வைத்துக்கொண்டோம். கொடுத்த காசுக்கு வேலை நடந்தது, ஆனால் தானாக நடக்கவில்லை.

பேசிப் பார்த்த ஏஜென்ட்கள் எல்லோரிடமும் நானும் மனைவியும் முதலில் கேட்டது இதைத்தான்: "உங்களுக்குக் காசு யார் தருவாங்க, எப்போ, எவ்வளவு?" ஒருவர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் விக்கிறவங்க பார்த்துப்பாங்க சார், உங்களுக்கு ஒரு செலவும் இல்லை" என்றார். விற்பவர் தருவது நாங்கள் கொடுக்கப்போகும் விலையிலிருந்துதானே, வேறு எங்கிருந்து வரும்? அவரை அத்தோடு விட்டுவிட்டோம். கடைசியில் நாங்கள் அமர்த்திக்கொண்ட பெண்மணி ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டே காட்டினார். விற்பவரின் ஏஜென்ட்டுக்கு ஒரு பங்கு, வாங்குபவரின் ஏஜென்ட்டுக்கு ஒரு பங்கு, இவர் பங்கிலும் இவருடைய நிறுவனம் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும், பெட்ரோல் செலவும் உரிமக் கட்டணமும் இவர் கைக்காசு, பத்திரம் முடியும்வரை சல்லிக்காசு வராது.

இந்தக் கணக்கைத்தான் நான் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தேன். விலை 5 சதவீதம் குறைந்தால் ஏஜென்ட்டின் கமிஷனும் அதே 5 சதவீதம்தான் குறையும், அவருக்கு அது பெரிய அடி இல்லை, எங்களுக்கோ அது வருடக்கணக்கான கடன் தவணை. பேச்சு முறிந்தால் மட்டும் அவருக்குக் கிடைப்பது பூஜ்யம். அதனால் விலை ஏறுவதா இறங்குவதா என்பதைவிட, சீக்கிரம் முடிய வேண்டும் என்பதில்தான் அவருக்கு அக்கறை இருக்கும். அவர் கெட்டவர் என்பதால் அல்ல, சம்பளம் அப்படி அமைந்திருக்கிறது. விற்கும் பக்கத்திலும் இதே கதைதான். ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் சிகாகோ வட்டார விற்பனைகளை அலசி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஏஜென்ட்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து 3.7 சதவீதம் அதிக விலை வாங்கினார்கள் என்று தெரிந்தது. வாடிக்கையாளர் வீடென்றால் அந்தப் பொறுமை இல்லை!

அப்புறம் ஒப்பந்தம். அமெரிக்காவில் ரியல்டர்கள் எனப்படும் வீட்டு ஏஜென்ட்களின் தேசியச் சங்கத்தின் மீதான கமிஷன் வழக்கு சமரசமாக முடிந்ததால், 2024 ஆகஸ்ட் 17 முதல் பெரும்பாலான ஏஜென்ட்கள் வீட்டைச் சுற்றிக் காட்டும் முன்பே கட்டணத்தை எழுத்தில் போட்டாக வேண்டும், அந்தக் கட்டணம் பேசித் தீர்மானிக்கக்கூடியது என்றும் அதில் இருக்க வேண்டும். கட்டாயம் இல்லாத ஊரிலும் எழுதி வாங்கிக்கொள்வதுதான் நல்லது. நாங்கள் ஒவ்வொரு வரியாகப் படித்தோம். காலக்கெடுவைக் குறைக்கச் சொன்னோம். ஒப்பந்தம் முடிந்த பிறகும் சில மாதங்களுக்கு நாங்கள் எந்த வீட்டை வாங்கினாலும் கமிஷன் உண்டு என்று ஒரு வரி இருந்தது, அதை "இவர் நேரில் காட்டிய வீடுகளுக்கு மட்டும்" என்று மாற்றச் சொன்னோம். விற்பவர் தரும் பங்கு எவ்வளவோ அதை எங்கள் பாக்கியில் கழிக்க வேண்டும், கூடுதலாக வந்தால் அவர் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சேர்த்தோம். கொஞ்சம் முகம் மாறியது, ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

ஒருநாள் அவருடைய நிறுவனமே விற்றுத்தரும் வீடு ஒன்றைக் காட்டினார். "இதில் நீங்க யார் பக்கம்?" என்று கேட்டேன். இரு தரப்புக்கும் பொதுவாக இருக்க வேண்டிவரும், விற்பவர் எதுவரை இறங்குவார் என்று தெரிந்தாலும் சொல்ல முடியாது என்றார். நேர்மையான பதில். அந்த வீட்டை அங்கேயே விட்டோம்.

சரி, பிறகு எதற்குத்தான் ஏஜென்ட்? எனக்கு மிகவும் பிடித்துப்போன ஒரு வீட்டில், ஒரு மூலையில் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருப்பதைச் சுட்டிக்காட்டி, பின்னால் நீர்க்கசிவு இருக்கலாம், வேண்டாம் என்று தடுத்தவர் அவர்தான். அவருக்கு வரவேண்டிய கமிஷனை அவரே தள்ளிவிட்டார், அதன் பிறகுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. அக்கம்பக்கத்தில் சமீபத்தில் விற்ற வீடுகளின் விலையைக் கேட்டதும் திரட்டித் தந்தார். ஆஃபர் வைக்கும்போது "கொஞ்சம் ஏத்திச் சொல்லுங்க" என்றார், நாங்கள் அந்த விலைகளைப் பார்த்துவிட்டு ஏற்றவில்லை, விற்பவர் எதிர்விலை சொன்னார், நடுவில் முடிந்தது. வீட்டைச் சோதிக்க அவர் சொன்ன ஆளை விட்டு நாங்களே ஒருவரைப் பிடித்தோம், ஏனென்றால் ஏஜென்ட் அனுப்பும் வேலையை நம்பிப் பிழைப்பவருக்குக் குறைகளை அழுத்தி எழுதத் தயக்கம் இருக்கும். அந்த அறிக்கையில் வந்த பழுதுகளுக்கு விலையில் கழிவு வாங்கித் தந்தது ஏஜென்ட்டேதான். வங்கியையும் வழக்கறிஞரையும் விரட்டிக் காகிதங்களை நாள் தவறாமல் நகர்த்தியதும் அவர்தான், எங்களால் அது முடிந்திருக்காது.

பத்திரம் முடிக்கும் நாளுக்கு முன்பு வந்த கணக்கில், ஒப்பந்தத்தில் இல்லாத "நிர்வாகக் கட்டணம்" ஒன்று அவருடைய நிறுவனத்தின் பெயரில் இருந்தது. ஒப்பந்த நகலை அனுப்பி, இது எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டோம். அன்று மாலையே திருத்திய கணக்கு வந்தது, அதில் அந்தக் கட்டணம் இல்லை.