எங்கள் குப்பத்து மணல்

பெசன்ட் நகர் கடற்கரைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஷ்மிட் நினைவு மண்டபத்தோடு திரும்பிவிடுகிறார்கள். கடலை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் வடக்கே நடந்தால் ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற மீனவக் கிராமம். நான் பிறந்து வளர்ந்த இடம். அதையும் தாண்டினால் அடையாற்று முகத்துவாரம், உடைந்த பாலம். அவ்வளவுதான் எல்லை. சென்னைக்குள் இருந்தாலும் இதை நான் ஊர் என்றுதான் சொல்வேன். எங்கள் தாத்தா கடலுக்குப் போக ஆரம்பித்த காலத்தில் பெசன்ட் நகர் என்ற குடியிருப்பே கிடையாது.

அலுவலக நண்பர் ஒருவரை ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தேன். வாசலில் நின்று எதிரே கிடந்த மணலைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய இடம் சும்மாவே கிடக்குதே?" என்றார். மத்தியானம் இரண்டு மணிக்கு யார் வந்தாலும் அப்படித்தான் தோன்றும். ஆனால் கையில் வரைபடத்தோடு வருகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

விடியுமுன் போன ஃபைபர் போட்டுகள் ஏழு, எட்டு மணிக்குக் கரை சேரும். போட்டை அலையிலிருந்து மேலே ஏற்ற, போனவர்கள் மட்டும் போதாது. கரையில் நிற்பவர் யாராக இருந்தாலும் தோள் கொடுப்பார். கொடுத்தவருக்கு ஒரு பிடி மீன் உண்டு. யாரும் கேட்டு வாங்குவதில்லை, யாரும் மறுப்பதும் இல்லை. வலையிலிருந்து மீனைக் கழற்றுவது மணலில்தான். நண்டு சிக்கிய வலை என்றால் அதற்கே அரை நாள் போய்விடும். பொழுது ஏறியதும் வலை பிரிப்பது, காய வைப்பது, கிழிந்ததை ஊசி போட்டுப் பின்னுவது. நெத்திலி அதிகம் பட்ட நாளில் கருவாட்டுக்கு ஒரு பக்கம் விரித்திருப்பார்கள். வெயில் தாழ்ந்தால் பிள்ளைகளின் கிரிக்கெட். கல்யாணம் என்றால் பந்தல். ஆடியில் எல்லையம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது ஊர் முழுக்க அங்கேதான் உட்காரும். எந்த இடம் யாருடையது என்று கோடு கிழித்ததில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் வலை காயவைக்கும் இடத்தில் நான் என் போட்டை நிறுத்த மாட்டேன்.

கட்டுமரம் இருந்த காலத்தில் இன்னும் இடம் வேண்டியிருந்தது. கடலிலிருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபிறகுதான் ஃபைபர் போட்டுகள் நிறைய வந்தன. இப்போது கட்டுமரத்தைப் பார்ப்பதே அபூர்வம்.

கரையில் நடக்கும் மீன் ஏலத்தைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் பெண்களைப் பற்றிச் சொல்ல முடியாது. கடலில் ஆண்கள் ராஜா என்றால் கரையில் ராணி இவர்கள்தான். விலை வைப்பது, கடன் சொல்வது, கடனை வசூலிப்பது, எல்லாம் அவர்கள் கையில். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, ஏலத்தில் எடுத்த மீனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து அடையாறு, காந்தி நகர் தெருக்களில் விற்றவர். எந்த வீட்டில் சங்கரா பிடிக்கும், எந்த வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா வேண்டும் என்று அவருக்கு மனப்பாடம். மீன் கூடையோடு பஸ்ஸில் ஏற விடமாட்டார்கள், நடந்தேதான் போவார். அந்தக் கூடைதான் என்னைப் படிக்க வைத்தது. எங்கள் பெண்கள் சத்தம் போட்டுப் பேசுகிறார்கள் என்று சொல்பவர்கள், அலை அடிக்கும் கரையில் நின்று ஒருமுறை ஏலம் விட்டுப் பார்க்க வேண்டும்.

பங்கு பிரிப்பதும் அங்கேயேதான். டீசல் காசைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் போட்டுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, கூடப் போன ஆட்களுக்கு ஆளுக்கொரு பங்கு. வீட்டுக் குழம்புக்கு என்று கறிமீன் தனியாக ஒதுக்கிவிடுவார்கள், அது கணக்கில் வராது. பக்கத்தில் ஆண் துணை இல்லாத வீடு இருந்தால் அந்தக் கறிமீனிலிருந்துதான் அங்கேயும் ஒரு கிண்ணம் போகும். ஊரில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு ஒரு போட்டும் இறங்காது. பஞ்சாயத்து மைக்கில் சொன்னால் போதும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரை உடைத்து ஊருக்குள் புகுந்தபோது, சென்னையின் குப்பங்களிலிருந்து மீனவர்கள் போட்டுகளோடு போய்த் தண்ணீரில் மாட்டியவர்களை மீட்டார்கள். என் சித்தப்பாவும் போனார். மாடி மேல் நின்ற பாட்டியம்மா ஒருவரைத் தூக்கி இறக்கியதை இன்றைக்கும் சொல்வார். டீசலுக்கு யார் காசு கொடுத்தது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

பெரியப்பா வேறு மாதிரி. அதிகம் பேச மாட்டார். கடலுக்குப் போகுமுன் ஈர மணலில் கால் வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். வடக்கேயிருந்து வாடை, கிழக்கேயிருந்து கொண்டல், மேற்கேயிருந்து கச்சான் என்று காற்றை முகத்திலேயே பிரித்துச் சொல்வார். "இன்னிக்கு வலை சுருட்டிக்கும், போவாதே" என்று அவர் சொன்னால் யாரும் போக மாட்டார்கள். எங்கள் குப்பத்து மூத்தவர் ஒருவர் காற்றையும் நீரோட்டத்தையும் அலையையும் தினந்தோறும் எழுதியே வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் எனக்கு யாராவது இதைப் பாடமாக வைத்திருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன்.

மணல் ஓரிடத்தில் நிற்காது. வருஷத்தில் பல மாதம் தெற்கேயிருந்து வடக்கே நகரும், வாடைக் காலத்தில் திரும்பும். நடுவில் கல்லைப் போட்டுத் தடுத்தால் ஒரு பக்கம் குவியும், மறுபக்கம் கடல் தின்னும். சென்னைத் துறைமுகம் கட்ட ஆரம்பித்தது 1870-களில். அதன் தடுப்புச் சுவருக்குத் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்து சேர்ந்து அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துப்போனது. அங்கிருந்த குப்பங்கள்தான் அதற்கு விலை கொடுத்தன.

முகத்துவாரத்தில் நிற்கும் உடைந்த பாலம் 1967-இல் கட்டியது. அக்கரையில் சீனிவாசபுரத்தில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் நிறைய. 1977-இல் ஆற்று வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோனபிறகு, கண்ணுக்குத் தெரியும் வீட்டுக்கு அடையாறு திரு.வி.க. பாலம் சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது. அந்த நடைபாலத்தைத் திரும்பக் கட்டித் தந்தால் நாங்கள் சந்தோஷப்படுவோம். ஆனால் கடலோரமாகக் கார் போகும் சாலை என்ற யோசனை அவ்வப்போது எழும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. அது விழப்போகும் இடம் இந்த மணல்தான். போட்டு எங்கே ஏறும்? வலை எங்கே காயும்? ஜனவரி பிறந்தால் முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கு என்ன வழி? மீனவக் கிராமங்களையும் அவர்கள் பொதுவில் பயன்படுத்தும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2011-ஆம் ஆண்டு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே சொல்லியிருந்தது. குறித்துவிட்டார்களா என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்டுக்கொண்டேதான் இருப்போம்.

சரி, வந்து பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், எங்கள் சிறு போட்டுகள் போகும். அப்போது ஏலத்தில் கூட்டமும் அதிகம், விலையும் அதிகம். மற்ற மாதங்களில் வந்தால் நிதானமாக வாங்கலாம். எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள், பையோ பாத்திரமோ கையில் கொண்டுவாருங்கள். விரித்த வலையைச் செருப்புக் காலோடு மிதிக்காதீர்கள், சுற்றிப் போங்கள். போட்டு ஏறும்போது பக்கத்தில் நின்றால் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு நீங்களும் ஒரு தோள் கொடுங்கள். மீன் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.