மழைக்காலத்தில் கேரம் போர்டு: ஒரு நாட்குறிப்பு

அக்டோபர் 12

வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் சென்னையில் கேரம் போர்டின் குணம் மாறிவிடும். காற்றில் ஏறும் ஈரத்தைப் பிளைவுட் குடிக்கிறது. போன வாரம் வழுக்கிக்கொண்டு போன காய் பாதி வழியில் நின்றுவிடுகிறது. விரலைக் குறை சொல்வதற்கு முன் போர்டைச் சோதித்துவிட வேண்டும்.

போட்டி விதியிலேயே அதற்கு அளவுகோல் உண்டு. 15 கிராம் ஸ்ட்ரைக்கரை அடிக்கோட்டில் வைத்து, எதிர்ச் சட்டத்தின் (போர்டைச் சுற்றியுள்ள மர விளிம்பின்) நடுவில் படும்படி முழு வேகத்தில் அடித்தால், குறைந்தது மூன்றரை முறை இந்தச் சட்டத்துக்கும் அந்தச் சட்டத்துக்கும் போய்வர வேண்டும். இரண்டிலேயே படுத்துவிட்டால் கோளாறு இருக்கிறது. பழைய பவுடரைக் காய்ந்த பருத்தித் துணியால் மூலைவரை துடைத்துவிட்டு, புதிதாக ஒரு சிட்டிகை தூவி மறுபடி அடித்துப் பாருங்கள். வேகம் திரும்பிவிட்டால் பழைய பவுடர் கட்டிப்போயிருந்தது என்று பொருள். திரும்பவில்லையா? ஈரம் மரத்துக்குள் இறங்கிவிட்டது.

அக்டோபர் 14

ஈரத்தை எடுக்கப் பழைய வழிதான் நல்ல வழி: போர்டுக்கு மேலே ஷேடு போட்டுத் தொங்கும் குண்டு பல்பு. போட்டிகளில் 60 முதல் 100 வாட் பல்பு போட்டது வெளிச்சத்துக்குத்தான். ஆனால் அதன் சூடும் போர்டைக் காயவைத்தது. எல்.இ.டி. பல்பில் அந்தச் சூடு கிடையாது. பல மன்றங்களில் விளக்கு மாறிய பிறகு மழைக்கால ஆட்டம் மந்தமானதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஒரே ஒரு குண்டு பல்பை எடுத்து வைத்திருந்து, ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் எரியவிட்டால் போதும்.

மொட்டை மாடி வெயிலில் வைப்பது வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சூடேறி போர்டு வளையும். ஹேர் டிரையரை ஒரே இடத்தில் காட்டினால் மேல் அடுக்கு கொப்பளித்துத் தூக்கிக்கொள்ளும். ஈரத்துணி எந்தக் காலத்திலும் கூடாது.

அக்டோபர் 18

பவுடர். போரிக் பவுடர்தான், வேறு எதுவும் இல்லை. முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைக் கொட்டி ஆடும் வீடுகள் நிறைய. மழைக்காலத்தில் அது பிசுபிசுத்துப் போர்டின் மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுப்பது பெரிய வேலை.

அளவில்தான் பெரும்பாலான ஆட்டம் கெடுகிறது. காய் நிற்கிறது என்றதும் இன்னும் கொஞ்சம் போடு, இன்னும் கொஞ்சம் போடு என்று போர்டையே வெள்ளையாக்கிவிடுகிறார்கள். பவுடர் மிகுந்தால் காயின் முன் விளிம்பில் சின்ன மேடாகச் சேர்ந்து அதுவே தடையாகிறது. மெல்லிய துணியில் முடிந்து, போர்டின் நடுவிலும் நான்கு அடிக்கோட்டுப் பக்கமும் ஒருமுறை தட்டி, உள்ளங்கையால் அல்லாமல் துணியால் பரப்ப வேண்டும். உள்ளங்கையின் வியர்வை பவுடரோடு சேர்ந்தால் பசை. போர்டின் கோடுகள் மங்கித் தெரியும் அளவுக்குப் பவுடர் இருந்தால் அது ஏற்கெனவே அதிகம்.

இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். போரிக் பவுடர் வாய்க்குள் போகக்கூடாத பொருள். குழந்தைகள் எட்டாத இடத்தில் இருக்கட்டும், ஆட்டம் முடிந்ததும் கை கழுவாமல் பஜ்ஜி எடுக்க வேண்டாம்.

அக்டோபர் 19

சமமட்டம். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைப் போர்டின் நடுவில் இரண்டு திசையிலும் வைத்துப் பார்த்து, ஸ்டாண்டின் கால் அடியில் அட்டை மடித்து வைத்தால் சரியாகும். சாய்வு வேகமான அடியில் தெரியாது. மெதுவாகத் தள்ளிய காய் கடைசி நான்கு விரற்கடையில் ஒரு பக்கம் வளைந்தால் அதுதான் அறிகுறி. மட்டம் சரியாக இருந்தும் காய் வளைகிறது என்றால், நீளமான ஸ்டீல் ஸ்கேலை மூலைக்கு மூலை நிறுத்தி அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் போர்டு வளைந்துவிட்டது; அட்டை மடித்துத் தீராது.

அக்டோபர் 23

காயும் ஸ்ட்ரைக்கரும். விதிப்படி காயின் விட்டம் 3.02 முதல் 3.18 செ.மீ., எடை 5 முதல் 5.5 கிராம். கடையில் வாங்கும் செட்டில் இந்த அளவுக்கு வெளியே போகும் காய்கள் வந்துவிடுகின்றன. 0.1 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசில் 19 காயையும் நிறுத்துப் பார்ப்பது வீண் வேலை இல்லை. வெள்ளையெல்லாம் கனமாகவும் கறுப்பெல்லாம் லேசாகவும் இருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே ஆட்டம் இல்லை. விளிம்பு உடைந்த காயை ஒதுக்கிவிடுங்கள். அது மோதினால் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக்கூடாது, விட்டம் 4.13 செ.மீ.க்கு மேல் கூடாது. கனமான ஸ்ட்ரைக்கர் பிரேக் (காய்களைக் கலைக்கும் முதல் அடி) அடிக்கும்போது அழகாகச் சிதறடிக்கும். அப்புறம் மென்மையாக ஆட வேண்டிய இடத்திலெல்லாம் காலை வாரும்.

அக்டோபர் 27

ஸ்ட்ரைக்கர் குழிக்குள் விழுவதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். வீட்டு ஆட்டத்தில் அதிகப் புள்ளி போவது இதில்தான்.

ஸ்ட்ரைக்கர் 15 கிராம், காய் 5 கிராம் சுற்றி. மூன்று மடங்கு கனமான பொருள் நேருக்கு நேர் மோதினால் நிற்காது. தன் வேகத்தில் ஏறக்குறைய பாதியை வைத்துக்கொண்டு அதே திசையில் காயின் பின்னாலேயே போகும். குழியின் விட்டம் 4.45 செ.மீ., ஸ்ட்ரைக்கர் 4.13. அதாவது மூன்று மில்லிமீட்டர் இடைவெளிதான், ஆனால் நேராகப் போகிறவனுக்கு அது போதும். ஆகவே குழி, காய், ஸ்ட்ரைக்கர் மூன்றும் ஒரே கோட்டில் அமைந்த ‘சுலபமான’ காய்தான் ஆபத்தான காய்.

தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, ஸ்ட்ரைக்கரை அடிக்கோட்டில் ஓரிரு செ.மீ. நகர்த்தி வைத்து, காயை மயிரிழை ஓரமாகத் தொடுவது. காய் குழிக்குப் போகும், ஸ்ட்ரைக்கர் விலகிச் சட்டத்தில் மோதும். மற்றொன்று, வேகத்தைக் குறைப்பது. குழி வாயில் நிற்கும் காய்க்குத் தொட்டால் போதும். அங்கே பலம் காட்டுபவர் மைனஸ் வாங்குவார். காயும் ஸ்ட்ரைக்கரும் சேர்ந்து விழுந்தால், விழுந்த காயோடு அபராதமாக இன்னொன்றும் வெளியே வரும். அடிக்கும் வாய்ப்பு மட்டும் அவரிடமே இருக்கும்.

நவம்பர் 2

ஓரமாக வெட்டி அடிக்கும் கட். எல்லோரும் காயைப் பார்த்து அடிக்கிறார்கள். பார்க்க வேண்டியது மோதும் நொடியில் ஸ்ட்ரைக்கரின் நடுப்புள்ளி எங்கே இருக்க வேண்டும் என்பதை. குழியிலிருந்து காயின் நடுவுக்கு மனதில் ஒரு கோடு இழுத்து, அதைக் காய்க்குப் பின்னால் 3.6 செ.மீ. நீட்டுங்கள் (காயின் ஆரம், ஸ்ட்ரைக்கரின் ஆரம் இரண்டையும் கூட்டினால் வருவது). ஸ்ட்ரைக்கரின் நடு அந்தப் புள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். பழகும்போது இன்னொரு ஸ்ட்ரைக்கரை அந்த இடத்தில் வைத்துப் பார்த்து, எடுத்துவிட்டு அடிக்கலாம். கண்ணுக்கு அளவு படியும்வரை இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

வெட்டு மெலிய மெலிய வேகம் கூட வேண்டும், காய்க்குப் போய்ச் சேரும் பங்கு குறைந்துகொண்டே போவதால். அதே நேரம் ஸ்ட்ரைக்கர் வேகம் இழக்காமல் ஓடும். அது எந்தக் குழியை நோக்கிப் போகிறது என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

நவம்பர் 5

ரெட் (நடுவில் வைக்கும் ஒற்றைச் சிவப்புக் காய்) கணக்கு. சொந்தக் காய் ஒன்றையாவது போட்ட பிறகே ரெட்டைப் போடலாம். அதே அடியிலோ அடுத்த அடியிலோ கவர், அதாவது ரெட்டுக்குத் துணையாக ஒரு சொந்தக் காய், விழ வேண்டும். ரெட்டுக்கு 3 புள்ளி, எதிராளியின் மிச்சக் காய்க்குத் தலா 1. ஒரு போர்டில் (ஒரு சுற்றில்) அதிகபட்சம் 12. முழு ஆட்டம் 25 புள்ளி அல்லது 8 போர்டு. 22-ஐத் தொட்டவருக்கு ரெட் புள்ளி தராது, ஆனாலும் எதிராளிக்குப் போகாமல் தடுக்க அதைப் போடுவது புத்திசாலித்தனம்.

நவம்பர் 9

சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-இல் உருவானது இந்தச் சென்னையில்தான். 1991-இலும் 1995-இலும் உலகச் சாம்பியனான மரிய இருதயம் இந்த ஊர்க்காரர். கேரமுக்கு முதல் அர்ஜுனா விருது அவர் வழியாக வந்தது. வியாசர்பாடி இளவழகி 2008-இல் பிரான்சின் கான் நகரில் உலகப் பட்டம் வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் வட சென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் எடுத்தார். வட சென்னைத் தெருக்களின் மன்றங்களில் தினமும் மாலை நடக்கும் ஆட்டத்தின் தரம் இது. இவர்கள் ஆடும் வீடியோக்களில் குழியில் விழும் காயைவிட ஸ்ட்ரைக்கர் எங்கே போய் நிற்கிறது என்று கவனியுங்கள். அடுத்த காய்க்கு வழி திறப்பது, எதிராளியின் காயைச் சட்டத்தோரம் ஒதுக்குவது எல்லாம் அந்த ஒரே அடியில் நடந்துவிடும்.

நவம்பர் 13

எடுத்து வைப்பது. சுவரில் சாய்த்து வைக்கப்பட்ட போர்டு நாளடைவில் வயிறு தள்ளும். ஸ்டாண்டின் மேலேயே படுக்கையாக விட்டு, பவுடரைத் துடைத்து, கனமான பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம். உள்ளே ஈரம் அடைபடும். இடமில்லாமல் நிறுத்தித்தான் வைக்க வேண்டும் என்றால் செங்குத்தாக, வெளிச்சுவரைத் தொடாமல், அடியில் இரண்டு மரக்கட்டை கொடுத்து நிறுத்த வேண்டும். காய்களைத் துணிப்பையில் தனியாகவும் ஸ்ட்ரைக்கரை வேறு உறையிலும் போடுங்கள். ஒன்றாகக் குலுங்கினால் இரண்டின் விளிம்பும் தேயும்.