1066-இல் நின்றுவிடாதீர்கள்: நார்மன்கள் பற்றிப் படிக்கும் மாணவர்களுக்கு

முதுகலை ஆங்கில இலக்கியம் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்த தாள் ஆங்கில மொழி வரலாறு. பலருக்கு அது அச்சமூட்டும் தாள். அதில் நார்மன்கள் பற்றிய பகுதியைப் பெரும்பாலான கையேடுகள், 1066-இல் நார்மண்டியின் பிரபு வில்லியம் இங்கிலாந்தை வென்ற ஹேஸ்டிங்ஸ் போரில் தொடங்கி, பிரெஞ்சுச் சொற்களின் நீண்ட பட்டியலோடு முடித்துவிடுகின்றன. பட்டியலை மனப்பாடம் செய்தால் தேர்ச்சி பெறலாம். ஆனால் ‘நார்மன் ஆட்சி ஆங்கிலத்தை எவ்வாறு மாற்றியது, ஆராய்க’ என்று கேட்டால், அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு பக்கம்கூட நகராது.

நான் 911-இலிருந்து படிக்கத் தொடங்கினேன். அந்த ஆண்டில் மேற்கு பிராங்கிய (இன்றைய பிரான்ஸ்) அரசர் மூன்றாம் சார்லஸ், சேன் ஆற்றின் கீழ்ப்பகுதி நிலத்தை ரோலோ என்ற வைக்கிங் (ஸ்காண்டிநேவியக் கடலோடி) தலைவனுக்கு விட்டுக்கொடுத்தார். ரோலோ கிறித்தவத்தைத் தழுவ வேண்டும், பிற வைக்கிங்குகளிடமிருந்து அப்பகுதியைக் காக்க வேண்டும் என்பது உடன்பாடு. வடக்கிலிருந்து வந்தவர்களின் நாடு என்பதால் அது நார்மண்டி ஆயிற்று. சில தலைமுறைகளுக்குள் அவர்கள் தங்கள் நோர்ஸ் மொழியை விட்டுப் பிரெஞ்சு பேசுபவர்களாக மாறிவிட்டார்கள். இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெற்றி பெற்றவர்கள் தோற்றவர்களின் மொழிக்கு மாறும் இந்தப் போக்கு இங்கிலாந்திலும் திரும்ப வரும்.

நார்மன்கள் ஆண்ட இன்னொரு நாடான சிசிலித் தீவைப் பாடத்திட்டத்தில் இல்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒரு மாலை ஒதுக்கி அதையும் படியுங்கள். நார்மன்கள் 1072-இல் அத்தீவின் முக்கிய நகரான பலேர்மோவைப் பிடித்தார்கள். 1130-இல் இரண்டாம் ரோஜர் சிசிலியின் அரசராக முடிசூடினார். அவருடைய நிர்வாகம் லத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மூன்று மொழிகளிலும் நடந்தது. அறிஞர் அல்-இத்ரீசி 1154-இல் உலகப் புவியியல் நூலை அரபியில் எழுதி முடித்ததும் அந்த அவையில்தான். நார்மன்கள் போன இடமெல்லாம் பிரெஞ்சைத் திணித்தவர்கள் அல்லர் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இங்கிலாந்துப் போர்களைச் சுருக்கமாக எழுதினால் போதும். 1066 அக்டோபர் 14-இல் ஹேஸ்டிங்ஸ், கிறிஸ்துமஸ் நாளில் வெஸ்ட்மின்ஸ்டரில் வில்லியமின் முடிசூட்டு விழா. நேரத்தை நிலத்துக்குச் செலவிடுங்கள். வில்லியமின் ஆணைப்படி 1086-இல் தொகுக்கப்பட்ட நிலக் கணக்கெடுப்பான டூம்ஸ்டே ஏட்டைப் பார்த்தால், அரசரிடமிருந்து நேரடியாகப் பெருநிலம் பெற்றவர்களில் ஆங்கிலேயர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே மிஞ்சியிருக்கிறார்கள். நிலம் கைமாறியதால் அதிகாரத்தின் மொழியும் மாறியது. கோட்டையில் பிரெஞ்சு, ஆவணங்களில் லத்தீன், வயலில் ஆங்கிலம். டூம்ஸ்டே ஏடும் லத்தீனில்தான் இருக்கிறது.

விடையின் உயிர்ப்பகுதி 1204. அந்த ஆண்டு ஜான் மன்னர் நார்மண்டியைப் பிரெஞ்சு அரசரிடம் இழந்தார். இங்கிலாந்திலும் நார்மண்டியிலும் நிலம் வைத்திருந்த பிரபுக்கள் ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் தங்கியவர்களின் வாரிசுகள் படிப்படியாக ஆங்கிலத்துக்கு வந்தார்கள்; வரும்போது தங்களுக்குப் பழகிய சொற்களையும் கொண்டுவந்தார்கள். அதனால்தான் பிரெஞ்சுச் சொற்கள் பெருவெள்ளமாக நுழைந்தது 1066-ஐ ஒட்டி அல்ல, ஏறத்தாழ 1250-க்கும் 1400-க்கும் இடையில். பிரெஞ்சு வலுவாக இருந்தபோது அல்ல, அது விலகத் தொடங்கியபோதுதான் ஆங்கிலம் அதிகம் கடன் வாங்கியது. இந்த ஒன்றை ஆண்டுகளோடு எழுதினால் உங்கள் விடைத்தாள் தனியே தெரியும். 1362-இல் நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது. மாற்றம் எவ்வளவு மெதுவாக நடந்தது என்பதற்கு இதையே எடுத்துக்காட்டாகத் தரலாம்.

சொற்களைத் துறைவாரியாகப் பிரித்துப் படியுங்கள். ஜட்ஜ், ஜூரி, கோர்ட் என்று நீதித்துறையில் ஒரு கூட்டம். பார்லிமென்ட், கவர்ன்மென்ட் என்று ஆட்சியில் ஒன்று. மாட்டைக் குறிக்கும் ‘கவ்’ ஆங்கிலச் சொல், மாட்டிறைச்சியைக் குறிக்கும் ‘பீஃப்’ பிரெஞ்சுச் சொல் என்ற புகழ்பெற்ற எடுத்துக்காட்டை எல்லாரும் எழுதுவார்கள். எழுதலாம், ஆனால் அந்தப் பிரெஞ்சுச் சொற்கள் நெடுங்காலம் உயிருள்ள விலங்கையும் குறித்தன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் விருப்பமான இணை வேறு: விடுதி வார்டன், விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்திடும் கார்டியன். இரண்டும் ஒரே வேர்தான். முன்னது நார்மண்டி உள்ளிட்ட வடபகுதிப் பிரெஞ்சின் ஒலிப்பு, பின்னது பாரிஸ் வட்டாரத்து ஒலிப்பு. நார்மண்டி கைவிட்டுப்போன பிறகு பாரிஸ் பிரெஞ்சின் செல்வாக்கு ஓங்கியதை இந்த இணையைக் கொண்டு விளக்கலாம்.

இன்னொரு பயிற்சியும் எனக்குப் பெரிதும் உதவியது. ஆங்கில நாளிதழின் தலையங்கத்தில் ஒரு பத்தியை எடுத்து, பிரெஞ்சு வழி வந்த சொற்களை அகராதி பார்த்து வட்டமிடுங்கள். வட்டங்கள் நிறைய வரும். பிறகு வட்டமிடாதவற்றைப் பாருங்கள்: இணைப்புச் சொற்கள், முன்னிடைச் சொற்கள், துணைவினைகள், வாக்கியத்தைத் தாங்கும் எலும்புகள் பெரும்பாலும் பழைய ஆங்கிலம். ‘நார்மன்களால் ஆங்கிலம் பாதி பிரெஞ்சாகிவிட்டது’ என்ற கூற்றை விவாதிக்கச் சொன்னால், அந்தப் பத்தியிலிருந்தே இரு தரப்புக்கும் சான்று எடுத்துத் தரலாம்.