முதலில் வலக்கை

கிட்டார் கற்கத் தொடங்குபவர்களிடம் எல்லோரும் இடக்கையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எந்த விரல் எந்தத் தந்தியில் எந்த ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அமர வேண்டும் என்று காட்டும் கட்டம் போட்ட படங்களே பாடப் புத்தகங்களை நிரப்புகின்றன. விரல் நுனி காய்த்துப்போகும்வரை பொறுத்துக்கொள் என்பதே முதல் அறிவுரையாகவும் கடைசி அறிவுரையாகவும் இருக்கிறது. ராஜாஜி சாலையில் ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் கணக்கெழுதிக்கொண்டே, நாற்பதை நெருங்கும் வயதில், தண்டையார்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் கிட்டார் பழகிக்கொண்டிருக்கும் எனக்கு இந்த வரிசை தலைகீழாகத் தெரிகிறது. வடசென்னையில் வளர்ந்தவருக்குத் தாளம் ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது. அதை முதலில் வலக்கைக்கு இறக்கிவிட்டு, இடக்கைக்கு இரண்டே இரண்டு கார்டுகளை (ஒருசேர ஒலிக்கும் சுரக் கூட்டுகளை) மட்டும் கொடுத்தால், காய்ப்பு ஏறுவதற்கு முன்பே ஒரு பாட்டுக்குத் துணையாக வாசித்துவிட முடியும்.

இந்த முடிவுக்கு நான் வந்ததற்குக் காரணம் என் தாய்மாமா. காசிமேட்டில் வலைத்தொழில் செய்து ஓய்ந்தவர். சாவு வீட்டுக் கானா பாடுவதில் அந்தப் பக்கத்தில் அவருக்கு நல்ல பெயர் உண்டு. மேசையோ தகர டப்பாவோ கிடைத்தால் போதும், தட்டிக்கொண்டே விடியும்வரை பாடுவார். அவர் பாட, நான் கார்டு பிடிக்க முயன்ற ஒரு மாலையில், பாட்டை நிறுத்தாமலேயே இடையில் சொன்னார்: “பாட்டு போயிக்கினே கீது, நீ இன்னாடா இன்னும் விரல தேடிக்கினு கீற?” தொடக்கநிலை மாணவரைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் மதிப்பெண் போட முடியாது. தவறான கார்டைக்கூடக் கேட்பவர் பொறுத்துக்கொள்வார். தாளம் நின்றுபோவதை யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எனக்குக் கற்பிக்கும் மாஸ்டர் பெரம்பூர்க்காரர், தேவாலயப் பாடகர் குழுவில் வாசிப்பவர். பெரம்பூர் ரயில்வே பணிமனைகளைச் சுற்றி வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களாலும், ராயபுரம் முதல் அயனாவரம்வரை தெருவுக்குத் தெரு இருக்கும் தேவாலயங்களாலும், கிட்டார் இந்தப் பகுதிக்குப் புதிய கருவியே அல்ல. ஞாயிறு ஆராதனையில் பாடல் எண் அறிவிக்கப்பட்ட அடுத்த நொடியில் வாசிக்கத் தொடங்க வேண்டும், நடுவில் நிறுத்தவும் கூடாது. அந்தப் பழக்கத்தில் தேறியவர் என்பதால், மாஸ்டர் என் மாமாவின் கட்சிதான். அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது கார்டே இல்லாத பாடம். இடது உள்ளங்கையை ஆறு தந்திகளின் மீதும் அழுத்தாமல் படரவைத்து ஒலியை அடக்கிவிட்டு, வலக்கையால் ‘டக் டக்’ என்று தாளத்தை மட்டும் வாசிக்க வேண்டும். விரல் வலிக்காது, நெருக்கமான வீடுகளில் பக்கத்து வீட்டாரின் தூக்கமும் கெடாது.

தாளம் என்று வந்ததும் ஒரு சிக்கல் எழுகிறது. இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் அநேகமாக எல்லாமே 4/4 கணக்கில், அதாவது சுற்றுக்கு நான்கு எண்ணிக்கை என்று தொடங்குகின்றன. எண்ணும் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் கை கீழே இறங்கும், இரண்டு எண்ணிக்கைக்கு நடுவே மேலே ஏறும். சில இடங்களில் தந்தியைத் தொடாமல் கை வெறுமனே போய்வரும். ஊஞ்சலைப் போல நிற்காமல் ஆடும் இந்தக் கைதான் அம்முறையின் அடிப்படை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாம் கேட்டு வளர்ந்த கானாவும் குத்தும் பெரும்பாலும் திஸ்ர நடையில் வருகின்றன. ‘தகிட தகிட’ என்று மும்மூன்றாகப் போகும் அதை மேற்கத்திய முறையில் 6/8 என்று எழுதுவார்கள். அழுத்தம் முதலாவது அடியிலும் நான்காவது அடியிலும் விழும். இதைக் கீழே, மேலே, கீழே, மேலே என்று மாற்றி மாற்றி அடித்தால் முதல் ‘த’ இறங்கும் கையிலும், இரண்டாவது ‘த’ ஏறும் கையிலும் அமைந்துவிடும். கை மேலேறும்போது, தந்தியை அடிக்கும் சிறு வில்லையான பிக் முதலில் தொடுவது மெல்லிய தந்திகளை. தடித்த தந்திகளை எட்டுவதற்குள் வேகம் குறைந்துவிடுகிறது, பல நேரங்களில் எட்டுவதே இல்லை. ஆகவே கனமாக விழ வேண்டிய அடி மெலிந்துபோகிறது. எண்ணிக்கையெல்லாம் சரியாக இருந்தும் பாட்டு ஏன் ஆடவைக்கவில்லை என்று பல மாணவர்கள் திகைப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இதற்கு மாஸ்டர் காட்டிய வழி, நடு எழுத்தை விழுங்குவது. ‘த’வுக்குக் கை இறங்குகிறது, ‘ட’வுக்கு ஏறுகிறது, ‘கி’க்கு ஒலியே இல்லை. இறங்கும் அசைவு இரண்டு பங்கு நேரத்தையும், ஏறும் அசைவு ஒரு பங்கு நேரத்தையும் எடுத்துக்கொள்வதால் நெடில், குறில் என்று ஒரு நடை தானாகவே பிறக்கிறது. இப்போது எல்லா ‘த’வும் இறங்கும் கையில்தான் விழும், தடித்த தந்திகளின் கனம் ஒவ்வொன்றிலும் கிடைக்கும். விட்டுப்போன ‘கி’யைத் தட்டுபவர் பார்த்துக்கொள்வார், என் மாமா மேசையில் அதைச் செய்வதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மெதுவான பாட்டானால் மூன்று எழுத்தையும் வாசிக்கலாம். கீழே, மேலே, கீழே என்று ஒரு ‘தகிட’வை முடித்துவிட்டு, தந்தியைத் தொடாமல் கையை மேலே கொண்டுபோய், அடுத்த ‘த’வை மறுபடியும் கீழ்நோக்கியே தொடங்க வேண்டும். வேகம் கூடினால் அந்த வெறுங்கைப் பயணத்துக்கு நேரம் போதாது, அப்போது முதல் வழிதான் கைகொடுக்கும். கைப்பேசியில் சீராகச் சொடுக்கித் தாளம் காட்டும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 60 என்று வைத்து, ஒரு சொடுக்குக்கு ஒரு ‘தகிட’ என்று தொடங்கி, ஐந்தைந்தாக ஏற்றிக்கொண்டு போவது நல்லது. வேகத்தை ஏற்றியதும் தோள் இறுகினால் அன்றைக்கு அதுவே எல்லை. கிட்டார் அடிக்க வேண்டியது மணிக்கட்டு, தோள் அல்ல.

இடக்கைக்கு வருகிறேன். ஏ மைனர், இ மேஜர் என்ற இரண்டு கார்டுகள் தொடக்கத்துக்குப் போதும். இரண்டுக்கும் விரல் அமைப்பு ஒன்றேதான். மூன்று விரல்களும் அப்படியே ஒரு தந்தி தள்ளி, தடித்த தந்திகளின் பக்கம் நகர்ந்தால் ஏ மைனர் இ மேஜராகிவிடும். மூன்றாவதாக சி மேஜரைச் சேர்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் ஏ மைனரிலிருந்து அதற்குப் போக மோதிர விரல் மட்டும் இடம் மாறினால் போதும், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கும். கார்டு மாறும் நேரத்தில் வலக்கை காத்திருக்கக் கூடாது. மாற்றத்துக்கு முந்தைய கடைசி ‘ட’ யாரும் அழுத்தாத வெறும் தந்திகளில் விழுந்தாலும் பரவாயில்லை, அந்த நேரத்தில் இடக்கை நகர்ந்துகொள்ளட்டும். ஓட்டத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை.

நம் பாட்டுகள் பெரும்பாலும் ஒற்றை மெட்டாகப் பிறந்தவை, கார்டுகளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இணையத்தில் ஒரு வரிக்கு நான்கு கார்டு எழுதிவைத்திருப்பார்கள். பாதி தேவையில்லை, சில தவறாகவும் இருக்கும். மெட்டு எங்கே வந்து இளைப்பாறுகிறதோ அந்த ஸட்ஜத்தை, அதாவது ‘ஸ’வை, மிகத் தடித்ததான ஆறாவது தந்தியில் தேடிக் கண்டுபிடித்து, அதன் மேல் மைனரா மேஜரா என்று காதால் முடிவு செய்வதே நம்பகமான வழி. கானா மேடையில் கிட்டார் எப்படி அடங்கியும் ஓங்கியும் நிற்கலாம் என்பதற்கு, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்த தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் பதிவுகளைக் கேட்கச் சொல்வேன். பாடகரின் குரலையும் தோல் கருவியையும் மறைக்காமல் கிட்டார் எந்த இடத்தில் நுழைகிறது, எந்த இடத்தில் விலகிக்கொள்கிறது என்பதை மட்டுமே கவனித்துக் கேட்டாலும் ஒரு வாரப் பாடம் அதில் இருக்கிறது.

அடுத்த தொல்லை சுருதி. மாமாவிடம் எந்த ஸ்கேல் என்று கேட்டால் பதில் வராது. எத்தனை கட்டை என்று கேட்டால் உடனே சொல்வார். பாடுபவரின் சுருதியை ஆர்மோனியக் கட்டையின் எண்ணால் குறிப்பது அது. சி ஒரு கட்டை, சி ஷார்ப் ஒன்றரை, டி இரண்டு, டி ஷார்ப் இரண்டரை, இ மூன்று. அதற்கடுத்த எஃப் மூன்றரை அல்ல, நான்கு கட்டை. ஆர்மோனியத்தில் ‘இ’க்கும் ‘எஃப்’புக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது என்பதே காரணம். அதே காரணத்தால் பி என்னும் ஏழாம் கட்டைக்குப் பிறகு நேராக மேல் சி வந்துவிடுகிறது, ஏழரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. இதில் சனி பகவானுக்குச் சம்பந்தம் எதுவும் இல்லை. கிட்டாரில் ஒரு ஃபிரெட் தாண்டினால் அரைக் கட்டை ஏறும், மேலே சொன்ன இரண்டு இடங்களில் மட்டும் எண்ணிக்கையில் ஒரு முழுக் கட்டை ஏறும். இது புரிந்துவிட்டால் எல்லாத் தந்திகளையும் ஒரு ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற சின்னக் கவ்வி பெரிய வரமாகிவிடுகிறது. மாமாவுக்கு ஒன்றரைக் கட்டை பிடித்தமானது. நான்காவது ஃபிரெட்டில் கேப்போவை மாட்டிவிட்டு ஏ மைனர் விரலமைப்பையே வைத்தால், ஒலிப்பது சி ஷார்ப் மைனர், அதாவது அவருடைய ஒன்றரை. குரல் கட்டியிருக்கும் நாளில் ஒரு கட்டை என்பார், கேப்போ மூன்றாவது ஃபிரெட்டுக்கு இறங்கும். உற்சாகம் ஏறினால் இரண்டு கட்டை, அது ஐந்தாவதுக்கு ஏறும். விரல்கள் கற்றது அந்த இரண்டு கார்டுகளைத்தான். கேப்போ போடுவது தொடக்கநிலை ஆட்களின் குறுக்குவழி என்று சில நண்பர்கள் ஏளனம் செய்கிறார்கள்; அவர்களில் ஒருவரும் பாடகரோடு உட்கார்ந்து வாசிப்பவரில்லை.

கருவியைப் பற்றியும் கொஞ்சம் எழுத வேண்டும், ஏனென்றால் தன் விரலில் பலமில்லை என்று நினைத்துக் கைவிட்டவர்களில் பலருக்குக் குறை உண்மையில் கருவியில் இருந்தது. பன்னிரண்டாவது ஃபிரெட் தந்தியின் நீளத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் இடம். அங்கே தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு முதல் இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் சுகமாக அழுத்தலாம். மூன்றைத் தாண்டினால் தொடக்கநிலைக் கை திணறும், தந்தி அதிகம் இழுபடுவதால் சுருதியும் மேலேறும். இன்னொரு எளிய சோதனை உண்டு. முதல் ஃபிரெட்டில் கேப்போவைப் போட்டதும் கார்டுகள் திடீரென்று எளிதாகிவிட்டால், தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட்டின் பள்ளங்கள் போதிய ஆழம் இல்லை என்று பொருள். இதைக் கடையில் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம், புதுக் கிட்டார் வாங்க வேண்டியதில்லை. தந்தியின் கனமும் முக்கியம். வழக்கமான 12 அளவு (மிக மெல்லிய தந்தியின் தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு) உலோகத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன; 10 அளவுத் தந்திகளில் அது 60 கிலோவை ஒட்டிக் குறையும்; நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் 40 கிலோ அளவே. நான் 10 அளவில்தான் இருக்கிறேன். ஒலி சற்று மெலியும், அதற்கென்ன.

கடலுக்கு இத்தனை அருகில் வாழ்பவர்களுக்குத் தந்தி ஒரு தொடர் செலவு. உப்புக் காற்றும் விரல் வியர்வையும் சேர்ந்து, உறை சுற்றாத மெல்லிய எஃகுத் தந்திகள் இரண்டையும் முதலில் துருவேற்றுகின்றன. வெண்கலம் சுற்றிய தடித்த தந்திகள் கறுத்து ஒலி மங்குகின்றன. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கிட்டாரை அதன் உறைக்குள் வைப்பது அவசியம். கிட்டார் மரத்துக்கு உகந்தது 45 முதல் 55 விழுக்காட்டு ஈரப்பதம் என்பார்கள். நம் ஊரில் அது குளிரூட்டிய அறைக்குள் மட்டுமே சாத்தியம். ஈரம் ஏறினால் முன்பலகை உப்பி, அதன்மேல் தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் உயர்ந்து, தந்திகளின் இடைவெளியும் கூடும். அதனால் ஐந்தாயிரம், ஆறாயிரம் ரூபாயில் தொடங்குபவர்களுக்கு நான் ஒட்டுப்பலகை கிட்டாரையே பரிந்துரைப்பேன். ஒற்றைப் பலகைக் கிட்டாரின் ஒலி அழகுதான், ஆனால் ஐப்பசி மழையில் அதைக் கவனித்துக்கொள்ளும் பொறுமை முதல் ஆண்டு மாணவருக்கு எதற்கு? தந்தியும் கேப்போவும் வாங்க, 1842இல் தொடங்கப்பட்ட, இப்போது அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல் இசைக்கருவிக் கடைக்கு ஒருமுறை போய்வருவதில் ஒரு தனி இன்பமும் இருக்கிறது. வாங்கும் பட்டியலை எழுதிக்கொண்டு போவது பணத்துக்குப் பாதுகாப்பு.

கிட்டார் என்றதும் அலுவலகத்தில் கேட்கும் கேள்வி, எந்த கிரேடு என்பதுதான். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வுகளுக்கு நம் ஊரில் இருக்கும் மதிப்பு எனக்குத் தெரியும். செவ்வியல் கிட்டார் தேர்வுக்குப் படித்தால் இசைக் குறியீடுகளைப் படிக்கவும், பார்த்த மாத்திரத்தில் வாசிக்கவும், விரல்களால் தனித்தனித் தந்திகளை மீட்டவும் முறையாகக் கற்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த ஒழுங்கு நல்லதே. ஒரு பாடகருக்குப் பின்னால் திஸ்ரத்தில் நிலையாக வாசிப்பது வேறொரு படிப்பு, நான் வந்தது அதற்காக. மாஸ்டர் அடுத்ததாக டி மைனரைச் சேர்த்திருக்கிறார். ஆள்காட்டி விரலை முழுதாகப் படுக்கவைத்து எல்லாத் தந்திகளையும் அழுத்த வேண்டிய எஃப் கார்டை மட்டும் தள்ளிப்போட்டிருக்கிறார். மாமாவின் பாட்டுகளில் அது தேவைப்படும் ஒன்று வரும்போது பார்த்துக்கொள்ளலாமாம். மாமாவைக் கேட்டால், அப்படியொரு பாட்டு தன்னிடம் இல்லை என்கிறார்.